கொல்லிமலைச் சளியும் கூட்டு மாத்திரையும்

மூக்கடைப்போடு கொல்லிமலை ஏறுகிறவர்களுக்குத் தொந்தரவு முதலில் காதில்தான் தெரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சோளக்காட்டை அடைவதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று அதற்கேற்ப வெளியேற வேண்டும். அதற்கிருக்கும் ஒரே வழி, நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் வரை ஓடும் மெல்லிய குழாய். எச்சில் விழுங்கினால் அது ஒரு கணம் திறக்கும். காது 'பட்'டென்று விட்டுக்கொடுக்கும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாயின் வாய் வீங்கிக் கிடக்கும். ஏறும்போதாவது உள்ளிருக்கும் காற்று முட்டி மோதி வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே புக முடியாமல் செவிப்பறை உட்புறமாக இழுபடும். நாமக்கல் வந்து சேர்ந்த பிறகும் காது வலிப்பது அதனால்தான்.

வீங்குவது எது? மூக்கடைப்பு என்றால் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். சிந்திச் சிந்தி மூக்குச் சிவந்த பிறகும் அடைப்பு விடாதபோது குழம்புகிறோம். மூக்கின் பக்கச் சுவர்களில் மடிப்பு மடிப்பாகச் சதைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் விரிந்து சுருங்கக்கூடிய ரத்த அறைகள் நிறைய உண்டு. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு அது. தொற்றோ ஒவ்வாமையோ வந்தால் இந்த அறைகளில் ரத்தம் தேங்கி, சதைத் திட்டு உப்பி, காற்று போகும் வழியை அடைக்கிறது. அடைப்பில் பெரும்பங்கு ரத்தத்துடையது. சிந்தினால் அது எப்படி வெளியே வரும்?

செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ மருந்துக் கடையில் "சளிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால், பெயர் எதுவானாலும், கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கூட்டு மருந்துதான். அட்டையைத் திருப்பி, வெள்ளிக் காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமின். சிலவற்றில் நான்காவதாகக் காபீனும் இருக்கும். மூன்றும் உடம்பில் மூன்று வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன. சளியை உண்டாக்கும் வைரஸை மூன்றில் ஒன்றுகூடத் தொடுவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மருந்துக் கடையில் நாம் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

ஜலதோஷத்துக்கு முதல் காரணம் ரைனோ வைரஸ்கள். அவற்றில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பாற்றல் இன்னொரு வகையை முழுமையாகத் தடுப்பதில்லை. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை நமக்குச் சளி பிடிக்கிறது. இதுவரை தடுப்பூசியும் வரவில்லை. மூக்கின் உட்பரப்பில் இருக்கும் வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ். ரைனோ வைரஸ் பெருகுவதற்குத் தோதான வெப்பமும் அதுவே. உடம்பின் உள்வெப்பமான 37 டிகிரியில் அது அவ்வளவு செழிப்பதில்லை. பனிக்காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று மலையில் பெரியவர்கள் சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946இல் தொடங்கிய ஜலதோஷ ஆய்வு நிலையத்தில், தன்னார்வலர்களை நனைத்துக் குளிரில் நிறுத்திப் பார்த்தபோது சளி கூடவில்லை. ஆனால் 2005இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை வைத்துச் செய்த ஆய்வில், குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த நான்கைந்து நாட்களில் சளி அறிகுறிகள் அதிகமாக வந்தன. வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் சளியை உண்டாக்காது. ஏற்கெனவே மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கும் வைரஸுக்குக் குளிர் கைகொடுக்கலாம்.

வைரஸ் மூக்கின் செல்களுக்குள் புகுந்ததும் உடம்பு எச்சரிக்கை வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. பிராடிகைனின் என்பது ரத்தக் குழாய்களை விரித்துக் கசியவைத்து, தொண்டையில் எரிச்சலைக் கிளப்புகிறது. புரோஸ்டகிளாண்டின்கள் மூளையில் வெப்பத்தின் அளவை ஏற்றி வைக்கின்றன. காய்ச்சலும் உடம்புவலியும் வருகின்றன. சளியில் நாம் அனுபவிக்கும் தொல்லை பெரும்பாலும் நம் உடம்பின் தற்காப்பு வேலையால் வருவதுதான். அந்த வேலையின் ஒவ்வொரு கண்ணியில் ஒவ்வொரு மருந்தும் கைவைக்கிறது.

பாராசிட்டமால் கைவைப்பது புரோஸ்டகிளாண்டினில். முக்கியமாக மூளையில் அதன் உற்பத்தியைக் குறைத்துக் காய்ச்சலையும் வலியையும் தணிக்கிறது. மூன்றில் நம்பகமானது இதுதான். கூட்டு மருந்தில் கவனிக்க வேண்டியதும் இதுதான். காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு பாராசிட்டமால், சளிக்கென்று ஒரு கூட்டு மாத்திரை, உடம்புவலிக்கென்று வேறொரு பெயரில் இன்னொன்று என்று ஒருவர் ஒரே நாளில் போட்டுக்கொண்டால், மூன்றிலும் அதே மருந்து இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கலாம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் கீழே. முதல் ஒரு நாள் பெரிதாக எதுவும் தெரியாது என்பதே இதில் உள்ள ஆபத்து.

பினைலெப்ரினின் கதை வேறு. ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் ஆல்பா ஏற்பிகளைத் தூண்டி அவற்றைச் சுருங்கச் செய்வது அதன் வேலை. உப்பிய சதைத் திட்டிலிருந்து ரத்தம் வடிந்தால் மூக்கு திறக்கும். கணக்கு சரிதான். மூக்கில் நேரடியாக விட்டால் அது வேலையும் செய்கிறது. வாய்வழி விழுங்கும்போதுதான் சிக்கல். குடல் சுவரும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடுகின்றன. ரத்தத்தில் செயல்படும் வடிவில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் சான்றுகளையெல்லாம் திரும்பப் பார்த்து, வாய்வழிப் பினைலெப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதாகச் சான்று இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அந்த நிர்வாகம், கடைகளில் சீட்டின்றி விற்கும் மருந்துகளிலிருந்து அதை நீக்க முன்மொழிந்தது. பாதுகாப்புக் குறைவு என்பதற்காக அல்ல, பயன் இல்லை என்பதற்காக.

அப்படியானால் அது எப்படி இத்தனை அட்டைகளுக்குள் வந்தது? அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது சூடோஎபிட்ரின். எபிட்ரா என்ற செடியில் இருக்கும் பொருள்களில் ஒன்று. அதே செடியின் எபிட்ரினை 1885இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்தார். சூடோஎபிட்ரின் உண்மையிலேயே மூக்கைத் திறக்கும். ஆனால் அதிலிருந்து மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதால் பல நாடுகள் கட்டுப்பாடு விதித்தன. அந்தக் காலியிடத்தைப் பிடித்ததுதான் பினைலெப்ரின்.

அடுத்தது குளோர்பெனிரமின். இது ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. ஒவ்வாமைக்கும் சளிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வாமையில் உடம்பு தீங்கற்ற ஒன்றை எதிரியாக எண்ணிக்கொள்கிறது. மகரந்தத் தூளாகவோ, ஈரப்பதமான அறையின் பாயிலும் தலையணையிலும் பெருகும் தூசிப்பூச்சியின் கழிவாகவோ, மழைக்காலச் சுவரில் பூக்கும் பூஞ்சையாகவோ அது இருக்கலாம். அதற்கென்று ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, மூக்குப் பரப்பில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைக்கிறது. இந்தப் புரதத்தை 1966இல் அடையாளம் காட்டியவர்கள் கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதி. அடுத்த முறை அதே தூசி வந்தால் மாஸ்ட் செல் சில நிமிடங்களில் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். ஹிஸ்டமின் நரம்பு நுனியைத் தொட்டால் அரிப்பும் தும்மலும். ரத்தக் குழாயைத் தொட்டால் கசிவும் வீக்கமும்.

செல்களில் ஹிஸ்டமின் வந்து அமரும் இடம் ஒன்று உண்டு. பேருந்தில் சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஹிஸ்டமின் வந்து நின்றாலும் உட்கார வழியில்லை. ஏற்கெனவே அது உட்கார்ந்து கிளப்பிவிட்ட வீக்கத்தை இந்த மருந்து உடனே வற்றவைக்காது. ஆகவே ஒவ்வாமைக்காரர்கள் தூசி தட்டும் வேலைக்கு முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள்வது, தும்மித் தீர்த்த பிறகு போடுவதைவிடப் பலன் தரும். இவ்வகையில் முதல் மருந்தை 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டறிந்தவர் டேனியல் போவே. 1957இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி சளிக்கு வருவோம். 1980களில் ஆய்வாளர்கள் ரைனோ வைரஸ் தொற்றியவர்களின் மூக்கு நீரைச் சோதித்தார்கள். பிராடிகைனின் வகைப் பொருள்கள் ஏறியிருந்தன, ஹிஸ்டமின் ஏறவில்லை. சளியில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லையென்றால், அதன் எதிர்ப்பு மருந்து அட்டையில் ஏன் இருக்கிறது? குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் ஹிஸ்டமினின் இடத்தை மட்டும் பிடிப்பதில்லை. அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் இடத்தையும் பிடிக்கின்றன. மூக்கின் சுரப்பிகளுக்கு 'நீர் விடு' என்று ஆணையிடுவது அசிட்டைல்கோலின்தான். ஆணை தடைபட்டால் மூக்கொழுகல் கொஞ்சம் வற்றும். அதாவது சளியில் அந்த மாத்திரை தருவதாக நாம் உணரும் நன்மையில் பெரும்பகுதி அதன் பக்க விளைவிலிருந்து வருகிறது. அதுவும் முதல் ஓரிரு நாட்களுக்குத்தான். வாய் உலர்வதும், புராஸ்டேட் வீங்கிய முதியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் அதே செயலின் இன்னொரு முகம். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தூக்கமும் இந்தப் பழைய மருந்துகளால்தான் வருகிறது. மூளையில் ஹிஸ்டமின்தான் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களில் ஒன்று. பழைய மருந்துகள் மூளைக்குள் எளிதாகப் புகுந்து அதைத் தடுத்துவிடுகின்றன. குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகலாம். இரவில் போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் மிச்சமிருக்கும். கொல்லிமலைச் சாலையில் வேனோ பைக்கோ ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவில் எதிரே பேருந்து திரும்பும்போது வேண்டியிருக்கும் அரை நொடிக் கவனத்தை அந்தச் சின்ன மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும். தூக்கம் வரவில்லையே என்று ஓட்டுநர் நினைத்தாலும் எதிர்வினை தாமதமாகத்தான் இருக்கும்.

1980களில் வந்த செட்டிரிசின், லோராடடின், பின்னர் வந்த பெக்ஸோபெனடின் ஆகியவை இரண்டாம் தலைமுறை. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் புரதப் பம்புகள் இவற்றை வெளியே தள்ளிவிடுவதால் தூக்கம் குறைவு. செட்டிரிசினில் சிலருக்குத் தூக்கம் வரும், பெக்ஸோபெனடினில் மிகவும் குறைவு. ஒவ்வாமைக்கு இவைதான் முதல் தேர்வு. சளிக்கு இவற்றால் பயன் இல்லை எனலாம், காரணம் மேலே சொன்னதுதான்: இவை அசிட்டைல்கோலினைத் தொடுவதில்லை. பெக்ஸோபெனடின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள் குடல் சுவரில் அம்மருந்தை உள்ளே அழைத்துப் போகும் புரதத்தைத் தடுத்து, உறிஞ்சப்படும் அளவை வெகுவாகக் குறைக்கின்றன. ஆரஞ்சு விளையும் மலையில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாத் தும்மலும் ஒவ்வாமையும் அல்ல. தை, மாசியில் கொல்லிமலையில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்த கொடிகளிலிருந்து சரங்களைப் பறித்து, உதிர்த்து, களத்தில் காயவைத்துத் தூற்றும்போது எழும் தூசியில் நிற்கிறவர்கள் விடாமல் தும்முவார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நரம்பு நுனியில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை நேரடியாகத் தூண்டக்கூடியது. சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணர்வது அதே ஏற்பிதான். அதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட எரிச்சல் தும்மலில் ஐ.ஜி.ஈ.க்கு வேலை இல்லை. ஆகவே செட்டிரிசின் போட்டாலும் நிற்காது. மூக்கை மூடி ஒரு துணி கட்டினால் நிற்கும். சுடச்சுட மிளகு ரசம் குடித்தால் மூக்கு ஒழுகி லேசாவதும் இதே நரம்பு வழியாகத்தான். கண் அரிப்பும், அடுக்கடுக்கான தும்மலும், தண்ணீர் போன்ற ஒழுகலும் காய்ச்சலின்றி வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஒவ்வாமை. தொண்டை வலியோடு தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் அடங்கினால் சளி. தூசியிலிருந்து விலகிய சற்று நேரத்தில் நின்றால் வெறும் எரிச்சல். மாத்திரைக்குக் கை நீட்டுவதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பார்ப்பது, எந்த மாத்திரை என்று பார்ப்பதைவிட முக்கியம்.

ஆண்டு முழுவதும் மூக்கு ஒவ்வாமையால் தொல்லைப்படுகிறவர்களுக்கு மாத்திரையைவிடச் சிறந்தது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. புளுட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. இவை செல்லின் மரபணுக்கள் மட்டத்தில் அழற்சிப் பொருள்களின் உற்பத்தியையே குறைப்பதால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று தூக்கிப் போடக்கூடாது. அடிக்கும் முறையும் உண்டு: தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால் பிடித்து, நுனியை வலது காதின் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் மருந்து வீக்கத்தில் படாது, ரத்தமும் வரலாம்.

இதோடு இன்னொரு ஸ்பிரேயைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ரத்த அறைகளை நேரே சுருக்குவதால் வரும் பலன் அது. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தை நிறுத்தியதும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. இதில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை எடுக்க வேண்டாம்.

இருமலுக்கு வருகையில் நம் வேலியோரச் செடி ஒன்று வந்து நிற்கிறது. ஆடாதோடை. ஆடு தொடாத கசப்பு. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் உட்படத் தமிழ்நாடு முழுவதும் சளி, இருமலுக்கு அதன் இலையைக் கஷாயமாக்கிக் குடித்து வந்திருக்கிறார்கள். 1888இல் அந்த இலையிலிருந்து வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். அவர் அப்போது உதகமண்டலத்தில் சின்கோனாப் பட்டைகளை ஆராயும் சென்னை மாகாண அரசின் வேதியியலாளர். 1925இல் கல்கத்தாவில் ஆர். என். சோப்ராவும் எஸ். கோஷும் ஆடாதோடையின் செயலை ஆராய்ந்து எழுதினார்கள். பிறகு ஜெர்மனியில் வாசிசினின் வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். 1963இல் மருந்தாக வந்தது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள் ஆம்ப்ராக்சால். இன்று கடையில் 'சளி இளக' என்று தரும் சிரப்புகளில் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். சளியின் நீண்ட சர்க்கரைப் புரத இழைகளை உடைத்தும், நீர்ச் சுரப்பைக் கூட்டியும் இவை அதை நெகிழ்த்துகின்றன.

மலைக்காட்டின் அறிவு ஆய்வுக்கூடம் வரை போய்த் திரும்பி வந்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன். அதே ஆய்வு சொன்ன மற்றொன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்: வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடைக் கஷாயம் ஆகாது. இலையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் உடம்புக்குள் போனால் அது வேதிப்பொருள்தான்.

தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெந்தால், யூகலிப்டஸ் கலந்த தைலத்தை மூக்கடியில் தடவினால் மூச்சு சட்டென்று விடுகிறது. கருவி வைத்து அளந்தால் அடைப்பு குறைந்திருக்காது. மெந்தால் குளிரை உணரும் டி.ஆர்.பி.எம்.8 ஏற்பியைத் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று நிறையப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கார்டிஃபின் ரான் எக்கிள்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2008இல் அவரும் சக ஆய்வாளரும், சூடான பழப்பானம் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், தும்மல், தொண்டை வலி, நடுக்கம் ஆகியவை உடனே தணிந்ததாகவும், காற்றோட்ட அளவு மாறவில்லை என்றும் காட்டினார்கள். சளி தானாக ஆறும் நோய். ஆறும்வரை இதமாக இருப்பதே சிகிச்சை. சுக்கு, மிளகுக் கஷாயத்துக்கும், கொல்லிமலை அருவிக்குப் போகும் வழியில் விற்கும் முடவாட்டுக்கால் சூப்புக்கும் அந்த இடத்தை நான் மனமாரக் கொடுப்பேன். கைக்குழந்தைகளுக்குத் தைலமும், பிள்ளைகளுக்குக் கொதிநீரில் வேது பிடிப்பதும் வேண்டாம். கொதிநீர் கொட்டி வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. அந்த ஆபத்துக்கு ஈடான பலன் ஆய்வுகளில் தென்படவில்லை.

பிள்ளைகளைப் பற்றித்தான் கடைசியாகவும் அழுத்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, காய்ச்சலுக்குச் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். 'கோல்ட்ரிஃப்' என்ற அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. பாதுகாப்பு வரம்பு 0.1 சதவீதம். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் போலவே இனிப்பாக, கெட்டியாக, நிறமின்றி இருக்கும் தொழிற்சாலைத் திரவம் அது. உடம்பில் அது டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொல்கிறது. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த சிரப்பால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 1972இல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில். ஒவ்வொரு தொகுதிக் கரைப்பானையும் பயன்படுத்துவதற்கு முன் சோதித்தால் போதும். இதைத் தடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடந்தது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தச் சிரப்பின் லேபிளில் இருந்த மருந்துகள் எவை தெரியுமா? பாராசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமின். நஞ்சே கலக்காமல் இருந்திருந்தாலும் அந்த வயதுக் குழந்தைகளுக்குத் தேவையற்ற கூட்டு. 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட உத்தரவிட்டிருந்தது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதார இயக்ககம், இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்ததும், அது நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி 2018இல் 328 மருந்துகளுக்கான தடையாகத் திரும்பி வந்ததும், கூட்டு மருந்துகள் நம் சந்தையில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றன என்பதைக் காட்டும்.

பிறகு பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது? ஒரு வயது தாண்டியிருந்தால் இரவு படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் தேனையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமல் மருந்தையும், எதுவும் கொடுக்காததையும் ஒப்பிட்டபோது இரவு இருமலையும் தூக்கத்தையும் பொறுத்தவரை பெற்றோர் அதிக மதிப்பெண் கொடுத்தது தேனுக்கு. மலைத்தேன் கிடைக்கும் ஊரில் இதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு வயதுக்குக் கீழ் தேன் நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் பக்குவம் குழந்தையின் குடலுக்கு இல்லை. மூக்கடைப்பில் பால் குடிக்க முடியாமல் அழும் கைக்குழந்தைக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் இரண்டு துளி விட்டுச் சில நிமிடம் கழித்துப் பால் கொடுக்கலாம். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் தனி மருந்தாக, மருத்துவர் சொன்ன அளவில். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எந்த வயதிலும் வேலை செய்யாது.

அதோடு, சட்டையைக் கழற்றி வைத்துப் பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ அது நிமோனியாவாகவோ வேறு தீவிர நோயாகவோ இருக்கலாம். இரவு விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கொடுத்த மருந்தின் அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.